பதிவேட்டில் ஏறாத பச்சை விளக்கு

பிப்ரவரி 3

ஒற்றனை மாட்டியாயிற்று. நடுக்கூடத்தில், லேசர் மேசைக்கு இரண்டடி தள்ளி. கருவியின் மின்சுற்றுகளுக்குக் கரண்ட் கொடுக்கிற அதே பலகையிலிருந்து ஒரு ஒயர் இழுத்தேன். பதினைந்து நிமிட வேலை. இங்கே வேறு யாராவது செய்திருந்தால் முதலில் ஒரு கூட்டம், அப்புறம் டீ, அப்புறம் ஒரு கடிதம், கடைசியில் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள்.

ஒற்றன் நான் செய்த பெட்டி. உள்ளே காந்தமானி, மைக், அதிர்வுமானி. கூடத்தில் எது உறுமினாலும் எது நடுங்கினாலும் குறித்துக்கொள்ளும். நேரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்து வாங்கிக்கொள்வதால் நொடி பிசகாது. முகப்பில் பச்சை விளக்கு. ஒரு நொடி எரியும், ஒரு நொடி அணையும். பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று வாசலிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அது என் யோசனை.

முப்பிடாதி வந்து எட்டிப் பார்த்தார். டெக்னிக்கல் அசிஸ்டெண்ட், ஒப்பந்த ஊழியர், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண்மணி.

"பதிவேட்டுல எழுதிருங்க சார்."

"எதை?"

"இந்தப் பெட்டிய. என்ன, எங்க, எத்தன மணிக்குன்னு."

கூடத்துக்குள் யார் என்ன செய்தாலும் அவரவர் கையால் பதிவேட்டில் எழுதிக் கீழே பெயரின் முதலெழுத்துப் போட வேண்டும். இந்த ஈர்ப்பலை ஆய்வு நிலையத்தின் வேதம் அது. ஒருவர் செய்ததை இன்னொருவர் எழுதக் கூடாது. பழைய தேதி போடக் கூடாது. முப்பிடாதியின் பக்கங்களைப் புரட்டினேன். "10.20: ரோட்டில் செங்கல் லாரி – மு. 10.45: கூரையில் மயில், ஒன்று – மு." பறவை ஆராய்ச்சிக்குப் போயிருக்க வேண்டியவர்.

"இது கருவி இல்லை. கருவியைக் கவனிக்கிற பெட்டி. மூக்குக் கண்ணாடியோடு உள்ளே வந்தால் கண்ணாடியை எழுதுவீர்களா?" என்றேன்.

"கழட்டி வச்சிட்டுப் போனா எழுதுவேன் சார்" என்றார்.

எழுதவில்லை. அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

பிப்ரவரி 6

மெஸ்ஸில் மூன்றாம் நாளாகப் புளியோதரை. பைக் பின்சக்கரம் பஞ்சர். சங்கரன்கோவில் வரை தள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், நல்லவேளை ஒரு பூ வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். சட்டையெல்லாம் மல்லிகை வாசனை. வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்க்கிறார்.

பிப்ரவரி 11

வடக்கு நிலையம். ரயிலில் ஒன்றரை நாள், ஜீப்பில் நாலு மணி நேரம். இங்கேயும் அதே மாதிரிக் கருவி, அதே மாதிரிக் கூடம், அதே மாதிரி அசட்டுத்தனம். டீயில் மட்டும் இஞ்சி.

இரண்டாம் ஒற்றனை மாட்டினேன். மாலை நாலரைக்கு விளக்கு எரிந்தது. ஹேமந்த் என்று ஒருவர் இங்கே பொறுப்பு, நல்ல மாதிரி. "லாக்புக்?" என்று கேட்டார். "தெற்கில் எழுதியாயிற்று" என்று சொல்லிவிட்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இனி இரண்டு ஊரிலும் என் விளக்கு ஒரே நொடியில் எரியும், ஒரே நொடியில் அணையும். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கண் சிமிட்டல். ஜெர்மனியிலிருக்கிற ஆராய்ச்சிக் குழுவில் சேர விண்ணப்பம் அனுப்பும்போது இந்தப் படம்தான் முதல் பக்கம்.

பிப்ரவரி 17

நாளிதழ் நிருபர் ஒருவர் வந்தார். டாக்டர் ரகோத்தமன் அவரை என் தலையில் கட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டார். நிலையத்தின் தலைவர் அவர். கரும்பலகையில் பிரபஞ்சத்தையே மடித்து வைப்பார், ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்பார்.

"சார், இது கடவுள் சம்பந்தப்பட்டதா?"

"குழாய் சம்பந்தப்பட்டது" என்றேன். முந்நூறு மீட்டரில் இரண்டு குழாய், 'ட' மாதிரி. உள்ளே லேசர். ஈர்ப்பலை வந்தால் ஒரு குழாய் அணுவைவிடச் சின்ன அளவு நீளும், மற்றது குறுகும்.

"பின்னணி ஈர்ப்பலைன்னு போர்டுல போட்டிருக்கே?"

கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது, உள்ளே கூட்டம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். அப்படித்தான் இது. எங்கெங்கோ கருந்துளைகள் மோதிக்கொண்டே இருக்கின்றன, எல்லாம் சேர்ந்து ஒரு இரைச்சல். ஆனால் எங்கள் கருவிக்கே சொந்தமாக ஆயிரம் இரைச்சல். எது வானத்துடையது, எது நம்முடையது? அதற்குத்தான் இரண்டு நிலையம். இங்கே ஆடு கத்துவது வடக்கே கேட்காது. இரண்டையும் ஒப்பிட்டால் உள்ளூர்ச் சத்தம் உதிர்ந்துவிடும், பொதுவாக இருப்பது மட்டும் மிஞ்சும். மிஞ்சுவது வானமாக இருக்கலாம், வானம் மாதிரி வேஷம் கட்டிய வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அந்த வேஷக்காரனைப் பிடிப்பது என் வேலை.

"அப்போ கேட்டுட்டீங்களா சார்?"

"எங்கள் கருவிக்குக் கேட்காது. 'இந்த அளவுக்கு மேல் இல்லை' என்று சுத்தமாகச் சொல்ல முடிந்தாலே போதும். மார்ச் 28 மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்களுக்கு அது திருப்தி என்றால் இரண்டாம் கட்டத்துக்குப் பெரிய கருவி."

தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 18

தலைப்பு: "பிரபஞ்சத்தின் கல்யாணச் சத்தம் கேட்கிறது! கீழப்பொட்டல் விஞ்ஞானிகள் பரவசம்." படத்தில் என் கண் மூடியிருக்கிறது.

பிப்ரவரி 20

ஒற்றனின் விளக்கு மேல் முப்பிடாதி கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறார். கண்காணிப்பு கேமராவில் மின்னி மின்னிக் கண்ணைக் குத்துகிறதாம். என்னைக் கேட்கவில்லை. ஆனால் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்: "9.15: பச்சை விளக்கில் டேப் – மு." பெட்டி பதிவில் இல்லை, டேப் இருக்கிறது. பிள்ளை பிறந்த பதிவே இல்லாத ஊரில் காது குத்துக்குப் பத்திரிகை.

பிப்ரவரி 26

இரண்டு நிலையத்துக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது.

இரண்டு வாரத் தரவை ஒப்பிட்டேன். வரைபடத்தில் வரிசையாகப் பற்கள், சீப்பு மாதிரி. இருபதரை ஹெர்ட்ஸ், இருபத்தொன்றரை, இருபத்திரண்டரை, இப்படியே எண்பது வரைக்கும். எல்லாம் அரையில்தான் முடிகிறது.

ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இளம்பரிதி, இது ஒருவேளை..."

"வானம் அரை அரையாகப் பேசாது சார். இது மனிதன் செய்த சத்தம்."

முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்திருக்க வேண்டும், எனக்கு இல்லை.

பிப்ரவரி 28

ஹேமந்த் போனில் கேட்டார், ஏதாவது கடிகாரச் சுற்றாக இருக்குமா என்று. இரண்டு ஊரிலும் ஒரே செயற்கைக்கோள் நேரம்தானே?

பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னேன். கடிகாரம் நொடிக்கு ஒரு தடவை துடிக்கும். நொடிக்கு ஒன்று என்றால் பற்கள் முழு எண்ணில் விழும். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. இது அரையில் விழுகிறது. ஆகவே கடிகாரம் இல்லை. அடுத்த கேள்வி?

அடுத்த கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 2

பிடித்துவிட்டேன்.

சீப்பு எப்போது தொடங்கியது என்று நாள் நாளாக வெட்டிப் பார்த்தேன். பிப்ரவரி 11, மாலை. அதற்கு முன்னால் சுத்தம். சரி, அன்றைக்கு இங்கே என்ன நடந்தது? நானோ வடக்கே. பதிவேட்டை எடுத்தேன். "பிப். 11, 3.10: எர்த் குழி புதுசாக வெட்டி, கரியும் உப்பும் போட்டு, பட்டை இணைத்து முடிந்தது – மு."

கையும் களவுமாக.

நாடு முழுக்க ஒரே மின்தொகுப்பு. வடக்கும் தெற்கும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. அந்தக் கரண்டின் அழுக்கு இங்கே மட்டமான எர்த் வழியாகக் கருவிக்குள் ஏறுகிறது, அங்கேயும் எப்படியோ ஏறுகிறது. பற்கள் ஏன் அரையில் என்பதற்குக் கணக்கு இன்னும் ஒட்டவில்லை. ஒட்டிவிடும்.

ஒரு தமாஷ்: பதிவேடு எதற்காவது பயன்பட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5

முப்பிடாதியிடம் எர்த் பற்றி விசாரித்தேன். குழிக்குத் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறாராம். தடை எவ்வளவு என்று மீட்டர் வைத்துக் காட்டினார். நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல எர்த் என்பதற்காகவே குற்றமில்லை என்று ஆகிவிடாது.

அப்புறம் அவர் கேட்டார்: "சார், அந்த விளக்கு ஒரு நொடி எரியுது, ஒரு நொடி அணையுதுல்லா?"

"ஆமாம்."

"அப்ப ஒரு சுத்து முடிய ரெண்டு நொடி. நொடிக்கு அரைச் சுத்து. அரைலா வருது?"

சிரித்தேன். "நீங்களே டேப் ஒட்டினீர்கள். சீப்பு போனதா?"

வரைபடத்தைப் பார்த்தார். "போகல சார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல சார்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 9

ஊரில் மாசிக் கொடை. மைக் செட் ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. ஒற்றன் ஒவ்வொரு பாட்டையும் அட்சரம் பிசகாமல் பதிவு செய்திருக்கிறான். பிரமாதமான பெட்டி.

மதியம் முப்பிடாதி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சார், டேப்பு வெளிச்சத்தத்தான மறைச்சிது. கரண்ட மறைக்கலயே. விளக்கு எரியும்போது இழுக்குது, அணையும்போது விடுது. அதே பலகையிலதான் கருவிக்கும் போகுது. ஒரு நாள் பெட்டிய அணைச்சிப் பாத்திருவமா?"

"டிப்ளமோவில் இதெல்லாம் சொல்லித் தருகிறார்களா?"

"தருவாங்க சார். ரெண்டாம் வருசத்துல."

பக்கத்தில் இருந்த வாட்ச்மேன் மோரைக் குடிக்க முடியாமல் சிரித்தார். ஒரு சின்ன விளக்கு இழுக்கிற கரண்ட் எவ்வளவு என்று மில்லி ஆம்பியரில் சொன்னேன். அணுவைவிடச் சின்ன அசைவை அளக்கிற கருவிக்கு மில்லி ஆம்பியர் என்பது ஒன்றும் சின்னது இல்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. நல்லது.

பெட்டியை அணைத்தால் அன்றைய பதிவு போய்விடும். விண்ணப்பத்தில் 'ஐம்பது நாள் இடைவிடாத பதிவு' என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறேன்.

மார்ச் 12

அறிக்கை அனுப்பியாயிற்று. நாலு பக்கம். "பிப்ரவரி 11 அன்று தெற்கு நிலையத்தில் செய்யப்பட்ட நிலத்தொடர்பு மாற்றமே காரணம் என வலுவாகக் கருதப்படுகிறது." 'வலுவாக' என்ற சொல்லை எடுத்தேன், மறுபடி போட்டேன். பின்னிணைப்பில் பதிவேட்டின் அந்தப் பக்கத்துப் படம்.

ரகோத்தமன் தோளைத் தட்டினார். "குழு கேட்டா சொல்றதுக்கு ஒரு பதில் இருக்கு. பெரிய நிம்மதிப்பா. எப்படியும் இந்த மாசம் ஒரு ஒப்பந்த இடத்தைக் குறைக்கச் சொல்லி மேலேயிருந்து நெருக்குறாங்க. இப்ப யோசிக்கவே வேண்டாம்."

நான் எழுதியது எர்த் குழியைப் பற்றி. ஆட்களைப் பற்றி இல்லை.

மார்ச் 14

துணி துவைத்தேன். தண்ணீர் உப்பு. வெள்ளைச் சட்டை மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.

மார்ச் 18

ஹேமந்த் போன். 15 காலையிலிருந்து வடக்கு ஒற்றன் செத்துக் கிடந்ததாம். ஒயரை எலி கடித்துவிட்டது. இன்று மதியம்தான் புது ஒயர் போட்டிருக்கிறார். மூன்று நாள் கழித்துச் சொல்கிறார். வடக்கே எல்லாமே ஆற அமர.

'இடைவிடாத' என்பதை விண்ணப்பத்திலிருந்து எடுக்க வேண்டும். எலிக்குக் கூட என்மேல் பொறாமை.

மார்ச் 19

வாராந்திர ஒப்பீடு ஓட்டினேன்.

15 முதல் 18 மதியம் வரை சீப்பு இல்லை. 18 மதியத்துக்கு மேல் இருக்கிறது.

மூன்று நாள் தரவு குறைவு. எதையும் சொல்லப் போதாது. குறைந்தது பத்து நாளாவது வேண்டும்.

மார்ச் 20

முப்பிடாதிக்கு உத்தரவு வந்துவிட்டது. ஒப்பந்தம் மார்ச் 31-ஓடு முடிகிறது, புதுப்பிக்கப்படாது. காரணம் என்று ஒன்றும் இல்லை, இணைப்பு என்று என் அறிக்கை இருக்கிறது.

கூடத்து வாசலில் செருப்பு உறை மாட்டிக்கொண்டிருந்தார். காகிதம் நாலாக மடிந்து கோட்டுப் பையில்.

"அறிக்கையில என் பேரப் போட்டியளா சார், வேலையப் போட்டியளா?"

"வேலையைத்தான்."

"வேலைக்குக் கீழ என் எழுத்துலா இருக்கு."

உண்மையைத்தான் சொன்னேன், பெயர் எங்கேயும் இல்லை.

"எழுதாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன், என்ன சார்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். 10.05-க்கு ஏதோ எழுதினார். அப்புறம் பார்த்தேன். மயில், இரண்டு.

மார்ச் 21

ஒன்றுமில்லை.

மார்ச் 22

ஞாயிறு. நிலையத்தில் யாரும் இல்லை. பகல் பதினொன்றுக்குக் கூடத்துக்குப் போய் ஒற்றனின் பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று மணிக்குத் திரும்ப மாட்டினேன். வேறு ஒரு காரணத்துக்காக. தூசி தட்ட வேண்டியிருந்தது.

பதிவேட்டில் எழுதவில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது, தூசியையா?

மார்ச் 23

பதினொன்று முதல் மூன்று வரை சீப்பு இல்லை.

அன்றைக்கு ஊர் விசைத்தறிகளும் ஓடவில்லை, ஞாயிறு. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறுகளில் சீப்பு இருந்ததே என்று கேட்கலாம். 15-ஆம் தேதி ஞாயிறைத் தவிர. 15-இல் எலி.

ஒரு எலிக்குத் தெரிகிறது. ரெண்டாம் வருசத்துல சொல்லித் தருவாங்க.

மார்ச் 24

குழுவுக்கான ஒத்திகை. ரகோத்தமன் முன்னால் என் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். எர்த் குழிப் படம் வந்ததும், "இங்கே கொஞ்சம் நிதானமாச் சொல்லு, நல்லா இருக்கு" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. கோடு, அம்புக்குறி, தேதி, எல்லாம் அதனதன் இடத்தில். இவ்வளவு அழகான பொய்யை நான் வேறு யாருடைய பேச்சிலாவது பார்த்திருந்தால் எழுந்து நின்று கிழித்திருப்பேன்.

மெஸ்ஸில் புளியோதரை. சாப்பிடவில்லை.

மார்ச் 26

முப்பிடாதி பொறுப்பை ஒப்படைத்த நாள். வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை, நான்தான்.

முதலில் எர்த் குழி. "காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். கோடையில மூணு. காஞ்சி போச்சின்னா உங்க அறிக்கை உண்மையாயிரும் சார்." சாதாரணமாகத்தான் சொன்னார். குடத்தின் கழுத்து நசுங்கியிருப்பதைக் காட்டி, இடது கையால் பிடித்தால் சிந்தாது என்றார்.

அப்புறம் பட்டியல். கூடத்தில் கரண்ட் இழுக்கிற ஒவ்வொரு பொருளும் வரிசையாக: என்ன, எங்கே, யார் மாட்டியது, எந்தத் தேதி, பதிவேட்டில் எந்தப் பக்கம். நாற்பத்து மூன்று பொருள். வாக்குவம் பம்புகள், ஏசி, எலிப்பொறிக்கு மேலே எரிகிற பல்பு வரை. ஒவ்வொன்றையும் அவர் தொட்டுக் காட்ட, நான் டிக் போட்டு வந்தேன். இருபத்தொன்றில் பேனா நின்றது.

"21. பச்சை விளக்குப் பெட்டி. நடுக்கூடம், பலகை இரண்டு." அதற்குப் பின்னால் மூன்று கட்டமும் காலி.

"இதுல மட்டும் தேதி இல்ல சார். பதிவேடு பூராவும் தேடிட்டேன். டேப்பு இருக்கு, பெட்டி இல்ல. நான் போட முடியாது, நான் மாட்டல. இத நிரப்பாம ஒப்படைப்பு முடியாது."

"நீங்கள் பார்த்தீர்களே, பிப்ரவரி 3."

"பாத்தேன். பாத்தவுக எழுதக் கூடாது. செஞ்சவுக எழுதணும்."

"வடக்கில் இருப்பதற்கும் இதில் ஒரு வரி வேண்டுமா?" என்று எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவர் என்னை நேராகப் பார்த்தார். பிப்ரவரியிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை. "அங்க என்னைக்கு சார் மாட்டினிய?"

அறிக்கையைப் படித்திருக்கிறார். எந்தத் தேதியில் சீப்பு தொடங்கியது என்று அவருக்குத் தெரியும். நான் அன்று ஊரில் இல்லை என்பது தெரியும், எங்கே போயிருந்தேன் என்பதும் தெரியும். மணி மட்டும்தான் தெரியாது.

"பதினொன்று. மாலை நாலரை."

ஒரு வசவு, ஒரு 'பாத்தியளா', எதுவும் இல்லை. பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்து மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார். எங்கள் தலைக்கு மேல் கூரையில் ஏதோ தொம்மென்று இறங்கியது. அதையும் எழுதத் திரும்பவில்லை.

எழுதினேன். தெற்கு: பிப். 3. வடக்கு: பிப். 11, 4.30. மாட்டியவர்: இளம்பரிதி. பதிவேட்டுப் பக்கம்: இல்லை.

என் கையெழுத்து இவ்வளவு மோசமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மார்ச் 26, தொடர்ச்சி

அப்படியே ரகோத்தமன் அறைக்குப் போனேன். எலி, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நொடி, மூன்றையும் சொல்லி முடிக்க ஆறு நிமிடம் ஆனது. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"எப்போ தெரியும் உனக்கு?"

"பத்தொன்பதாம் தேதி." பிறகு, "ஐந்தாம் தேதியே முப்பிடாதி சொன்னார். காதில் வாங்கவில்லை."

"ரெண்டு நாள்ல குழு வருது. இப்பப் போய் நம்ம பெட்டியே நம்ம தரவைக் கெடுத்ததுன்னு சொன்னா? பிப்ரவரி பதினொண்ணுக்கு மேல உள்ளது எல்லாம் போச்சு. உன் பெட்டியும் போச்சு, ஜெர்மனியும் போச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோ. குழு போகட்டும், அப்புறம் மெதுவா ஒரு திருத்தம் அனுப்பலாம். அந்தப் பொண்ணையும் ஜூன்ல திரும்ப எடுத்துக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உதவ நினைத்த ஒரே ஆள். இரண்டு மாதமாக நான் இவரை இந்த நோட்டில் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன்!

"ஜூனில் எர்த் குழி காய்ந்துவிடும் சார்" என்றேன். வாயில் வந்தது அதுதான். "தப்பென்று தெரிந்த படத்தை என்னால் போட முடியாது. நீங்கள் வேண்டுமானால் போடுங்கள்."

ஸ்க்ரூடிரைவரே பிடிக்கத் தெரியாதவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "போய் ரெண்டு பெட்டியையும் அணைக்கச் சொல்லு. சுத்தமான தரவு ஒரு நாளாவது இருக்கட்டும்."

ஹேமந்துக்குப் போன் செய்தேன். அன்றைக்குக் கடிகாரம் என்று அவர் கேட்டது சரி என்றேன். லாக்புக் விஷயத்தில் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். "எலியை நான் கொன்றிருக்கக் கூடாது" என்றார்.

மார்ச் 28

குழுவில் ஐந்து பேர். எர்த் குழிப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பச்சை விளக்கின் படம் போட்டேன். ஜெர்மனிக்காக எடுத்துவைத்த அதே படம்.

ஒரு அம்மாள், ஓய்வுபெற்ற பொறியாளராம், கேட்டார்: "இரைச்சலைப் பிடிக்க நீங்கள் வைத்த பெட்டிதான் இரைச்சலா?"

"ஆமாம்."

"இரண்டு ஊரிலும் நீங்களே கொண்டுபோய் வைத்தீர்கள்?"

"ஆமாம். ரயிலில்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. நானாக இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார்.

"முப்பிடாதி. டெக்னிக்கல் அசிஸ்டெண்ட். மார்ச் 5 அன்று. மார்ச் 31-ஓடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது, என் அறிக்கையால்."

ரகோத்தமன் தண்ணீர் குடித்தார். அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டாம் கட்டம் பற்றி முடிவு ஆறு மாதம் கழித்து, சுத்தமான தரவைப் பார்த்த பிறகு.

மார்ச் 30

போன வாரம் அனுப்பியிருந்த ஜெர்மனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். மின்னஞ்சல் இரண்டு வரி. அவர்களுடைய பதில் ஒரு வரி, அதுவும் தானியங்கி.

ஏப்ரல் 1

காலை 8.40-க்கு முப்பிடாதியின் வழக்கமான ஸ்கூட்டிச் சத்தம். புது உத்தரவு நேற்று மாலை ஐந்துக்கு வந்திருக்கிறது, பதினோரு மாதத்துக்கு. என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஒற்றனைக் கழற்றப் போனேன். முப்பிடாதி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆறு வாரமா உங்க விளக்கத்தான் ரெண்டு ஊர்லயும் காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம் சார்."

"ஆமாம்."

"பேப்பர்க்காரரக் கூப்பிட்டுச் சொல்லுவமா?"

முறைத்தேன். பதிவேட்டை வாங்கி பிப்ரவரி 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். கீழே இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

"பழைய தேதி போடக் கூடாது சார்" என்று இன்றைய பக்கத்துக்குத் திருப்பினார்.

பெட்டிகளை அணைத்த பிறகு கிடைத்த ஐந்து நாள் ஒப்பீட்டை நேற்று ஓட்டினேன். சீப்பு இல்லை. வேறு எதுவும் இல்லை. இருபதிலிருந்து எண்பது வரை, இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை. இந்த நிலையம் இதுவரை எடுத்ததிலேயே நல்ல வரைபடம் அது.

பதிவேட்டில் எழுதியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"9.05: பச்சை விளக்குப் பெட்டி கழற்றப்பட்டது. பிப். 3-இல் மாட்டியபோது எழுதவில்லை – இ.

9.20: எர்த் குழிக்கு ஒரு குடம் – இ.

9.25: கூரையில் மயில், மூன்று – இ."

மூன்றாவதைப் படித்துவிட்டு அவர் கூரையை எட்டிப் பார்த்தார். "ரெண்டுதான் சார் இருக்கு" என்றார். வெளியே போய் எண்ணினேன். இரண்டுதான். அடித்துத் திருத்திப் பக்கத்தில் எழுத்துப் போட்டேன்.